நிறமும் வாக்கும்

பழைய நீராவிப் புகையிரத இயந்திரங்களைப் பேணும் சங்கங்கள் சில, அவற்றுக்கு எந்நிறம் தீட்டுவது என்பதை நன்கொடை வாக்கெடுப்பால் தீர்மானிக்கின்றன. அதிகம் கொடுப்பவருக்கு அதிக வாக்கு. துருவை நீக்கப் பணம் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிறம் வெறும் அலங்காரமன்று, வரலாற்றுச் சான்று.

இங்கிலாந்தில் 1923இல் உருவான 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' முதலில் தனியார் கம்பனியின் இளம்பச்சையை அணிந்தது. உலகப் போரின்போது கறுப்பை அணிந்தது. 1948இல் புகையிரதங்கள் தேசியமயமான பின்னர் நீலத்தையும் கரும்பச்சையையும் அணிந்தது. 1963இல் அதனை வாங்கிய தனவந்தர் கம்பனியின் இளம்பச்சையையே மீட்டார். 2004இல் பொதுமக்களின் நன்கொடையும் துணைநிற்க அந்நாட்டுத் தேசியப் புகையிரத நூதனசாலை அதனை வாங்கியது. 2016இல் அது தேசியமயக் காலத்துக் கரும்பச்சையுடன் ஓடியது. எனவே நிறத்தைத் தேர்வது, யாருடைய காலத்தை நினைவுகூர்வது என்ற கேள்வியேயாகும்.

மட்டக்களப்போடு நின்ற தண்டவாளம் எங்கள் வரிப்பத்தான்சேனைப் பக்கம் வரவில்லை. ஆயினும் 2014இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையின் இயந்திரங்கள் நமக்கும் உரியவை. இந்நாட்டில் வாக்களிக்கச் சொத்தும் கல்வியும் வேண்டுமென்ற வேலி 1931இல் பெரும்பாலோருக்குத் தகர்ந்தது. பணத்தை வாக்காக எண்ணுவது அவ்வேலியை மீண்டும் நடுவதாகும். நிலக்கரி அள்ளிய கைகள் அதற்கு வெளியேதான் நிற்கும். கொடை இயன்றவர் தரட்டும். வாக்கு ஆளுக்கு ஒன்றாகட்டும். தேர்வு அவ்வியந்திரம் மெய்யாகவே அணிந்த நிறங்களுக்குள் அமையட்டும்.