பாகான் டத்தோ தென்னையும் கொப்பரை எடையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவே, கடலை ஒட்டிக் கிடக்கும் தாழ்நிலம் பாகான் டத்தோ. கடற்களிமண் படிந்த இந்தச் சதுப்பில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து உப்புநீரைத் தடுத்த பிறகே தென்னை ஊன்றியது. தோட்ட வேலைக்குக் கங்காணிகள் மூலம் தமிழர்கள் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது.

பறிப்பதும் உரிப்பதும் காய்க் கணக்கு. விற்பனையோ எடைக் கணக்கு: கொப்பரை பிக்கலில் நிறுக்கப்பட்டது, ஒரு பிக்கல் சுமார் 60.5 கிலோ. ஆகவே காய் எத்தனை என்பதைவிட, ஒவ்வொரு காயிலும் பருப்பு எவ்வளவு என்பதே தோட்டத்தின் வருமானத்தைத் தீர்மானித்தது.

தேங்காயும் ஒரு விதைதான். நெல்லிலும் ஓட்ஸிலும் மணி பால் பிடித்து முற்றுவது போலவே இதிலும் நீராக இருப்பது கெட்டிப்பட்டுப் பருப்பாகிறது; காலம்தான் அதிகம். பாளை வெடிப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு முன்பே அதன் முளை குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. அதனால் கடும் வறட்சியின் இழப்பு அந்த ஆண்டோடு தீராது. இரண்டாண்டு கழித்தும் குலையில் தெரியும். பிஞ்சு பிடித்தபின் முதல் ஆறேழு மாதம் மட்டையும் ஓடும் பெருக்கின்றன. ஆறாம் மாதவாக்கில், கண்களுக்கு எதிர்ப்புறத்தில் வழுக்கை படியத் தொடங்கி, மெல்ல உட்சுவர் முழுவதையும் மூடுகிறது. பிறகு பருப்பு தடித்து எண்ணெய் ஏறுகிறது, நீர் குறைகிறது. பன்னிரண்டாம் மாதம் காய் நெற்றாகிறது.

அவசரப்பட்டுப் பறித்த காயின் கொப்பரை காய்ந்ததும் தொய்ந்து வளையும், எண்ணெயும் குறைவு. தாமதித்தாலும் நட்டம்தான். ஈரத்தில் கிடக்கும் நெற்று முளைவிடும். உள்ளே வளரும் தேங்காய்ப்பூ பருப்பையே தின்று பெருக்கும். குலையின் முற்றலைக் கீழிருந்தே கண்டு, மூங்கில் கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் அறுத்தவரின் கண்தான் கொப்பரையின் தரத்துக்கு முதல் காவல். அறுத்த காயை வாய்க்காலில் மிதக்கவிட்டு இழுத்துச் செல்வதும் உண்டு. நட்டுவைத்த இரும்புக் கூரில் மட்டை உரித்து, காயைப் பிளந்து, வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் உலர்த்தினார்கள். பச்சைப் பருப்பில் பாதி ஈரம். நல்ல கொப்பரையில் 6 விழுக்காடு. சிரட்டைத் தணலில் கொப்பரை வெண்மையாக வரும். மட்டைப் புகை ஏறினால் கறுத்து விலை இறங்கும்.

பின்னர் எண்ணெய்ப்பனை தென்னையின் இடத்தைப் பிடித்தது. எஞ்சிய தென்னைகளின் நிழலில் கொக்கோ வந்தது. 1970-களில் மலாயாக் குட்டையையும் மேற்கு ஆப்பிரிக்க நெட்டையையும் கலந்த மாவா ரகம் பரவியது. காய் ஏராளம், ஆனால் சிறியது; கடைக்காரர்கள் விரும்பவில்லை. குட்டையோடு பிலிப்பைன்ஸின் தக்னானான் நெட்டையைக் கலந்த மாத்தாக் ரகம் பெரிய காய் தந்து நிலைத்தது. 1906-இல் டென்மார்க்கின் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனியின் வழிவந்த யுனைடெட் பிளான்டேஷன்ஸ் இந்த மாத்தாக் நாற்றுகளை உற்பத்தி செய்கிறது. 2017-இல் பேராக்கின் 12-ஆவது மாவட்டமான பாகான் டத்தோவின் காய்கள் இன்று கொப்பரைக்காக அல்லாமல், பெரும்பாலும் பச்சைத் தேங்காயாகவே சந்தைக்குப் போகின்றன.