விளக்குச் சூட்டில் காய்ச்சிய மிட்டாய்

1921ஆம் ஆண்டு எமிலின் ஹார்ட்ரிட்ஜ் ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைவி. கடிதம் பேசியதோ ஒரு மிட்டாயைப் பற்றி. 1886இல் பால்டிமோர் நகரத்து மளிகைக் கடையொன்றில் அது பவுண்டு 40 சென்ட்டுக்கு விற்றது. செய்தவர் எமிலினின் பள்ளித் தோழியின் உறவினர். செய்முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாஸர் கல்லூரிக்குப் போன எமிலின், முதல் ஆண்டிலேயே அதைச் செய்து பார்த்தார். 1888இல் இறுதியாண்டு மாணவியரின் ஏலத்துக்காக அவர் கிண்டியது 30 பவுண்டு. நம் கணக்கில் பதின்மூன்றரை கிலோவுக்கும் மேல்!

அந்த மிட்டாயின் பெயர் ஃபட்ஜ். டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்க வீடுகளில் சதுரம் சதுரமாக வெட்டி, தகர டப்பாவில் அடுக்கி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும் கிறிஸ்துமஸ் பண்டம் இன்று அதுதான். அது கல்லூரி விடுதியில் காலூன்றியது ஏன் என்பதுதான் அதன் வரலாற்றிலேயே சுவையான பகுதி.

வாஸர், ஹட்சன் ஆற்றங்கரையில் பொகீப்சி ஊரில் 1865இல் பெண்கள் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. பெண்கள் உயர்கல்வி படித்தால் உடல் கெடும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. 1873இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க் அதற்கென ஒரு புத்தகமே எழுதினார். அதனால் மாணவியர் என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்பதையெல்லாம் கல்லூரிகள் கண்காணித்தன. அந்தக் கட்டுக்காவலுக்குள் இருந்த பெண்களுக்குத் தங்களுடையது என்று சொல்ல ஒரு சமையலறை கிடையாது. அறையில் இருந்தது எரிவாயு விளக்கு. அதன் சுடர்மேல் பாத்திரத்தைப் பிடித்தும், மேசைமேல் வைக்கும் ஸ்பிரிட் அடுப்பிலும் பாகு காய்ச்சினார்கள். இரண்டு கப் சர்க்கரை, ஒரு கப் பாலேடு, கொஞ்சம் இனிப்பில்லாத சாக்லேட், ஒரு கரண்டி வெண்ணெய். அடுப்பங்கரை இல்லாதவர்கள் செய்யத் தோதான பண்டம் இதைவிட வேறு ஏது?

செய்முறை தோழியர் வழியாகவே மற்றப் பெண்கள் கல்லூரிகளுக்கும் பரவியது. ஸ்மித் கல்லூரிப் பெண்கள் பழுப்புச் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்த்தார்கள். வெல்லஸ்லி பெண்கள் மார்ஷ்மெல்லோவைக் கலந்தார்கள். 1909இல் வால்டர் பேக்கர் சாக்லேட் நிறுவனம் வெளியிட்ட சமையல் கையேட்டில் இந்த மூன்று கல்லூரிகளின் பெயரிலும் ஃபட்ஜ் செய்முறைகள் வந்துவிட்டன. கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மிச்சிகனின் மேக்கினா தீவில் மர்டிக் குடும்பத்தின் மிட்டாய்க் கடை 1887இலேயே தொடங்கியது. அங்கே வரும் சுற்றுலாப் பயணிகளை உள்ளூர்க்காரர்கள் இன்றும் 'ஃபட்ஜி' என்றுதான் அழைக்கிறார்கள்.

முதன்முறை செய்பவரின் கையில் ஃபட்ஜ் ஏன் சொதப்புகிறது என்பதை அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தால், கரையாமல் மெத்தென்று திரளும் அதே பதம்தான் இதற்கும். வெப்பமானி காட்டும் அளவு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். ஆனால் ஃபட்ஜில் உண்மையான சோதனை இறக்கிய பிறகுதான் ஆரம்பம். கை பொறுக்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 43 டிகிரிக்கு, ஆறும்வரை அதைத் தொடவே கூடாது. சூட்டோடு கிளறினால் சர்க்கரை பெரிய படிகங்களாகக் கட்டி, நாக்கில் மணல்போல் நெருடும். ஆறியபின் விடாமல் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் உண்டாகி வழவழப்பு வரும். பாகின் பளபளப்பு மங்கும் நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். 1942 மே மாதம் அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. ஆளுக்கு வாரம் அரைப் பவுண்டு. வாஸர் செய்முறையின் இரண்டு கப் சர்க்கரை என்பது ஏறக்குறைய இருவரின் ஒரு வாரப் பங்கு. ரேஷன் 1947 வரை நீடித்தது. ஒரு சட்டி பாகு கெட்டுப்போனால் அந்த வீட்டுக்கு எப்படி வலித்திருக்கும்!

அந்தப் பயத்துக்கு மாற்று, டப்பாவில் வந்தது. மார்ஷ்மெல்லோ கிரீம் சேர்த்தால் ஆற வைப்பதும் வேண்டாம், அடிப்பதும் வேண்டாம். ஃப்ளஃப் என்ற கிரீமின் தயாரிப்பாளர்கள் தங்கள் செய்முறைக்கு 'தவறவே தவறாத ஃபட்ஜ்' என்று பெயர் சூட்டினார்கள். 1953இல் வெள்ளை மாளிகைக்குக் குடிவந்த அதிபரின் மனைவி மேமி ஐசனோவரின் புகழ்பெற்ற ஃபட்ஜும் இந்த வகைதான். இன்று கிறிஸ்துமஸுக்கு முதன்முதலாக ஃபட்ஜ் செய்ய இறங்கும் பலர் தொடங்குவது இதில்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பழைய முறையில் கரைந்து இறங்கும் அந்த மிருது டப்பா கிரீமில் கிடைப்பதில்லை.

அந்த மிருதுவுக்குக் கொடுத்த உழைப்பை எமிலினின் 30 பவுண்டில் கணக்கிடலாம். இரண்டு கப் சர்க்கரையில் சுமார் ஒன்றரைப் பவுண்டு தேறும். அந்த அளவில் செய்திருந்தால் காய்ச்சி, ஆறக் காத்திருந்து, கரண்டி பிடித்த கை ஓயாமல் அடித்து, பளபளப்பு மங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பதை அவர் இருபது முறை செய்திருக்க வேண்டும்.