அரண்மனைச் சீட்டும் கப்பல் சீட்டும்

பத்மநாபபுரம் அரண்மனையில் சீட்டு கொடுக்கும் இடத்தில் இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறொரு கட்டணம். இரண்டையும் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஆரியசாலைக்காரர்களுக்கு அந்த அரண்மனை எங்கோ இருக்கும் சுற்றுலாத் தலம் அல்ல. நவராத்திரிக்கு அங்கிருந்து புறப்பட்டு வரும் ஊர்வலத்தில் சரஸ்வதி அம்மன் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலுக்கும் போக, வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில்தான். 1956-க்குப் பிறகு அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. அரண்மனை கேரள அரசிடமே இருக்கிறது. ஆனாலும் அரண்மனைக்குப் பக்கத்துத் தக்கலையில் குடியிருப்பவருக்கும் திருவனந்தபுரம் சாலைக்கடைக்காரருக்கும் சீட்டு விலை ஒன்றுதான். நாடு மாறினால்தான் விலை மாறும்.

இப்போது இன்னொரு சீட்டை எடுத்துக்கொள்வோம். ஆரியசாலையில் இருக்கும் தம்பி சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பலில் கேபின் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்போர்னில் இருக்கும் அக்காவும் அதே கப்பலில், அதே தளத்தில், அதே வகைக் கேபின் போடுகிறார். தம்பியின் ரசீது ரூபாயில், அக்காவின் ரசீது ஆஸ்திரேலிய டாலரில். இரண்டையும் அன்றைய மாற்று விகிதத்தில் ஒரே நாணயமாக்கிப் பார்த்தால் தொகைகள் பல சமயம் ஒத்துப்போகாது. இங்கே பலகை எதுவும் கிடையாது. அக்காவுக்கு என்ன விலை சொன்னார்கள் என்பதை அக்காவிடம் கேட்டால்தான் தம்பிக்குத் தெரியும்.

இரண்டும் நாட்டைப் பார்த்து வைத்த விலைகள்தான். ஆனால் பிறந்த காரணம் வேறு, நியாயமும் வேறு என்பது என் எண்ணம்.

முதலில் நாணயத்தைப் பேசிவிடலாம். நாணயம் வேறு என்பதாலேயே விலையும் வேறாகிவிடாது. இதற்குத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தின் பழைய கணக்கே சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த அந்தச் சந்தையில், ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையைத் தாண்டித் திருநெல்வேலிச் சரக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆங்கிலேயர் ரூபாய். இந்தப் பக்கம் திருவிதாங்கூர்ச் சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆங்கிலேயர் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. வித்தியாசம் அரைச் சக்கரம். அது எல்லாருக்கும் தெரிந்த, அரசு நிலைநிறுத்திய விகிதம். வாங்குபவர் எந்த நாணயத்தை நீட்டினாலும் கணக்கை விரல்விட்டுச் சரிபார்த்துவிடலாம். விலை வித்தியாசத்தை நாணயத்துக்குள் ஒளித்துவைக்க அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

நாணயம் விலையைக் கெடுப்பது, விகிதம் நகர்ந்தும் விலை நகராதபோதுதான். இந்தியத் தொல்லியல் துறைக்கே இந்த அனுபவம் உண்டு. உலகப் பாரம்பரியச் சின்னங்களைப் பார்க்க வெளிநாட்டவர் ஐந்து டாலர் அல்லது 250 ரூபாய் கொடுக்கலாம் என்று சில ஆண்டுகள் இருந்தது. டாலர் ஐம்பது ரூபாயை ஒட்டி நின்றவரை இரண்டும் ஒன்றே. 2007-இல் டாலர் நாற்பது ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஐந்து டாலர் நீட்டியவர் இருநூறு ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்து உள்ளே போனார். ரூபாய் நீட்டியவர் முழு 250-ஐக் கொடுத்தார். அரசு டாலர் வாங்குவதையே நிறுத்தி, ரூபாயில் மட்டும் கட்டணம் என்றாக்கியது. தவறு பலகையில் எழுதியிருந்ததால் எல்லார் கண்ணிலும் பட்டது, திருத்தப்பட்டது.

2018 ஆகஸ்டில் அந்தத் துறை உயர்த்திய கட்டணப்படி மாமல்லபுரம் போன்ற இடங்களில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பதினைந்து மடங்கு. இதைப் பார்த்து முகம் சுளிக்கும் பயணிகள் உண்டு. மடங்கு அதிகம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அடிப்படை நியாயத்தை நான் மறுக்கமாட்டேன். அந்தக் கற்களைக் காப்பது இந்நாட்டு மக்களின் வரிப்பணம். வாசலில் நிற்கும் இந்தியர் ஏற்கெனவே ஒரு பங்கு கட்டிவிட்டு வந்தவர். பள்ளிப் பிள்ளைகளும் கூலித் தொழிலாளர் குடும்பங்களும் தங்கள் முன்னோரின் கைவேலையைப் பார்க்க முடியாமல் போனால், அதைக் காப்பதற்கு என்ன பொருள்? குறைந்த விலை அங்கே உரிமையின் விலை.

கப்பலில் குறைந்த விலைக்குக் காரணம் வேறு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கப்பலையே எடுத்துக்கொள்ளலாம். 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. அடுத்த ஆண்டு அது ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய்வந்தது. கப்பல் புதிதல்ல. 1990-இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பிரான்ஸில் கட்டப்பட்டு, அமெரிக்கப் பயணிகளுக்கு டாலரில் விற்கப்பட்டது. 2008-இல் புல்மாந்தூர் என்ற ஸ்பானிய நிறுவனத்துக்குப் போனது, அங்கே யூரோ. 2016-இல் மறுபடி ராயல் கரீபியன், மறுபடி டாலர். 2020-இல் கைமாறி, இப்போது ரூபாய். இரும்பும் எஞ்சினும் கேபின்களும் ஏறக்குறைய அவையே. ஒவ்வொரு சந்தையிலும் விலையைத் தீர்மானித்தது எதிரே நின்ற வாடிக்கையாளர்.

ஏன் அப்படி? கப்பல் கிளம்பிவிட்டால் எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம் பெரும்பாலும் மாறாத செலவு. கூடுதலாக ஒரு பயணி ஏறினால் ஆகும் செலவு சாப்பாடும் துணி வெளுப்பும் போலச் சில்லறைதான். காலியாகப் போன கேபினை மறுநாள் விற்க முடியாது. சாலைக்கடையில் பூக்காரர் இரவு ஒன்பது மணிக்கு முழத்தின் விலையைக் குறைப்பது எந்தக் கணக்கோ, அதே கணக்குதான். ஆகவே நிறுவனம் கேட்கும் கேள்வி, “இந்தக் கேபினுக்கு எவ்வளவு செலவு?” என்பதல்ல, “இந்த நாட்டுக்காரர் எந்த விலையில் வருவார், எந்த விலையில் வராமல் போவார்?” என்பதே.

நாட்டுக்கு நாடு அதற்குப் பதில் வேறு. கப்பல் பயணத்துக்குப் பழகிய நாடுகளில் ஓராண்டுக்கு முன்பே இடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நம்மூரில் பள்ளி விடுமுறையைப் பார்த்து, உறவினர் கூட்டத்தைச் சேர்த்து, கடைசி நேரத்தில் முடிவெடுக்கும் குடும்பங்கள் அதிகம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வசிப்பவருக்கு விமானச் செலவில்லை. தூரத்திலிருந்து வருபவருக்கு அந்தச் செலவே பாதி முடிவை எடுத்துவிடும், அவரை இழுக்கக் கட்டணத்தை இறக்கவேண்டியிருக்கலாம். எதிரே எத்தனை போட்டிக் கப்பல்கள், ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கமிஷன் என்பதும் சேரும். இன்னொன்று பலர் கவனிக்காதது: பெரிய கப்பல் நிறுவனங்களின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பயணி ஏறிய பிறகு உள்ளே செலவழிப்பது. மதுக்கூடம், சூதாட்டக்கூடம், இணையம், கரையில் இறங்கி ஊர் சுற்றுவது. உள்ளே தாராளமாகச் செலவழிப்பார் என்று கணித்த நாட்டுக்காரருக்குச் சீட்டைக் குறைத்துக் கொடுத்தாலும் நிறுவனத்துக்கு நட்டமில்லை.

கப்பலில் குறைந்த விலை வராமல் போகக்கூடியவருக்குப் போடும் தூண்டில். பயணிக்கு அது லாபமாக அமையலாம், உரிமையாக ஆகாது. நாளைக்கே கேபின்கள் நிறையத் தொடங்கினால் சலுகை மறைந்துவிடும்.

நாணயமும் இங்கே தன் வேலையைச் செய்கிறது. நிறுவனம் பல மாதங்களுக்கு முன்பே உள்ளூர் நாணயத்தில் விலையை அறிவிக்கிறது. செலவும் கடனும் பெரும்பாலும் டாலரிலோ யூரோவிலோ. இடையில் விகிதம் சரிந்தால் நட்டம் வரக்கூடாதே என்று முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றிவைப்பது வியாபார வழக்கம். ரூபாய் எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதற்கு 2013 போதும்: மே மாதம் டாலருக்கு 55-ஐ ஒட்டி இருந்தது, ஆகஸ்ட் முடிவதற்குள் 68-ஐத் தொட்டது. அந்த ஆபத்துக்கான காப்புப் பணம் சீட்டு விலைக்குள் இருக்கும். ரசீதில் தனியாகத் தெரியாது. சக்கரக் கணக்கில் வெளிப்படையாக நின்ற அரைச் சக்கரத்துக்கு இங்கே இடமில்லை.

வித்தியாசம் என்று தோன்றும் எல்லாமே வித்தியாசம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டப்படி வரி, கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் விளம்பரத்தில் காட்டவேண்டும். அமெரிக்காவில் நெடுங்காலம் அடிப்படைக் கட்டணம் பெரிதாகவும் மற்றவை கீழேயும் நின்றன. சில நாடுகளின் விலையில் பணியாளர் டிப்ஸ் சேர்ந்திருக்கும், சிலவற்றில் கப்பலில் நாள் கணக்கில் பிடிப்பார்கள். ஐரோப்பாவில் தொகுப்புப் பயணச் சட்டம் ஏற்பாட்டாளர் தலையில் அதிகப் பொறுப்பைச் சுமத்துவதால் அந்தச் செலவும் விலைக்குள் வரும். ஓரிடத்தில் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும், இன்னோரிடத்தில் கிடைக்காது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் 2020 அக்டோபர் முதல் விற்பவரே வரிக்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறார். அது வருமானவரிக் கணக்கில் ஈடாகிவிடும் என்றாலும், பணம் கட்டும் நாளில் கூடுதல் விலையாகவே தெரியும். அக்காவும் தம்பியும் ரசீதுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான வித்தியாசம்.

இனி இரண்டு வகைச் சீட்டுகளும் மனிதரை எப்படி அடையாளம் காண்கின்றன என்று பாருங்கள். லண்டனில் வாழ்ந்து, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருக்கும் நாகர்கோவில்காரர் மாமல்லபுரத்தில் இந்தியருக்கான கட்டணமே கொடுக்கிறார். அரசின் அறிவிக்கை அவருக்கு அந்தச் சமநிலையைக் கொடுத்திருக்கிறது. சார்க் நாடுகளின் குடிமக்களுக்கும் அங்கே இந்தியர் கட்டணம்தான் என்பதால் யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கும் 40 ரூபாய். அதே யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாக் குடியுரிமை மட்டும் கையில் இருப்பவருக்கு 600. கடைசி ஆளுக்கு இது வலிக்கும், அந்த வலி நியாயமானது. ஆனாலும் விதி எழுத்தில் இருக்கிறது. எதிர்த்து மனுப் போடலாம், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம்.

கப்பல் நிறுவனம் இந்தச் சொந்தபந்தம் எதையும் கேட்பதில்லை. கேட்பது குடியிருக்கும் முகவரி. லண்டன் முகவரி கொடுத்தால் பவுண்டு விலை, ஆரியசாலை முகவரி கொடுத்தால் ரூபாய் விலை. ஒரு நாட்டு ஏஜென்ட் இன்னொரு நாட்டில் குடியிருப்பவருக்கு விற்கக்கூடாது என்று தடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அரண்மனையிலும் மாமல்லபுரத்திலும் குறைந்த விலைக்கு உரியவர் யார் என்பதற்கு வாதம் இருக்கிறது; கப்பலில் வாதமே இல்லை, கணிப்பு மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 1177/2010 விதியில், பொதுமக்களுக்கான கப்பல் கட்டணத்தில் குடியுரிமையைக் காட்டி நேராகவோ சுற்றிவளைத்தோ பாகுபாடு செய்யக்கூடாது என்றது. நாடுவாரியாக விற்பனைத் தளங்களைப் பிரித்துவைக்கும் பழக்கம் அதன் பிறகும் தொடர்கிறது.

ஒரே விலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஆக்கினால் உயர்ந்த விலையையே எல்லாருக்கும் வைத்துவிடுவார்கள்; ஆரியசாலைத் தம்பிதான் கரையில் நிற்பார். நான் கேட்பது பலகை. சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஏறும் பயணிக்குக் கொடுக்கும் ரசீதில் அடிப்படைக் கட்டணம், துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ், எந்த மாற்று விகிதத்தில் ரூபாய் ஆக்கினார்கள், எந்த நாட்டுக்கான விலை என்ற ஆறும் தனித்தனி வரியில் அச்சாக வேண்டும். அதுவரை, பணம் கட்டுவதற்கு முன் இந்த ஆறையும் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.