வெயிலில் படுத்துக்கிற கார், மெக்கானிக்கிட்ட போனதும் ஓடுதா? காரணம் என்ன, கண்டுபிடிப்பது எப்படி?

மதியம் இரண்டு மணிக்கு ஓடிக்கிட்டிருந்த கார் திடீர்னு நின்றுவிடுகிறது. அல்லது டச் ஸ்கிரீன் கறுப்பாகிறது, பவர் விண்டோ இறங்க மறுக்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாமே பழையபடி வேலை செய்கிறது. ஷெட்டுக்குக் கொண்டு போனால், "ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தானே ஓடுது" என்கிறார் மெக்கானிக். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கின கதைதான்.

2024 கோடையில் புதுச்சேரி சிக்னல்களில் காத்திருக்கும் வாகன ஓட்டிகளுக்காக பொதுப்பணித் துறை பச்சை வலைப் பந்தல் போட்டது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்த வெயில் மனிதர்களை மட்டுமல்ல, காருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் பாகங்களையும் சோதிக்கிறது. சூட்டில் மட்டும் வந்து, ஆறினதும் மறையும் இந்தப் பழுதைப் பிடிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

காருக்குள் எவ்வளவு சூடு?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 38 டிகிரி செல்சியஸை ஒட்டியும் அதற்கு மேலும் வெயில் அடித்த நாட்களில் கார்களை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் உள்ளே சராசரியாக 47 டிகிரி. டேஷ்போர்டு மட்டும் 69 டிகிரி! நிழலில் நின்ற காரின் டேஷ்போர்டு 48 டிகிரிதான்.

அதாவது நிழல், டேஷ்போர்டில் சுமார் 20 டிகிரியைக் குறைத்திருக்கிறது. கத்திரி வெயிலில் கடற்கரை சாலைப் பக்கம் வண்டியை நிறுத்திட்டு சாப்பிடப் போகிறவர்கள், கொஞ்சம் நடந்தாலும் பரவாயில்லை என்று நிழலைத் தேடுவது நல்லது.

சூட்டில் மட்டும் ஏன் பழுது வருது?

* சால்டரிங் விரிசல்: சர்க்யூட் போர்டிலும் ரிலேயிலும் உள்ள இணைப்புகள் வருஷக்கணக்கில் சூடாகி, ஆறி, மெல்லிய விரிசல் விடும். சூட்டில் பாகங்கள் விரியும்போது அந்த இணைப்பு விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

* காயில் தடை: தாமிரக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். ஏற்கெனவே பலவீனமான சென்சார், இக்னிஷன் காயில், பம்ப் மோட்டார் எல்லாம் இதில் திணறும்.

* தானே அணைவது: டச் ஸ்கிரீன், ஆம்ப்ளிஃபையர் போன்றவை சூடு எல்லை தாண்டினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆகிவிடும். இதைப் பழுது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

* உப்புக் காற்று: கடலோர ஊர்களில் கனெக்டர் பின்களில் பச்சை நிறத்தில் களிம்பு பிடிக்கும். அந்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடும் கூடும். புதுச்சேரிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு விஷயம். இன்ஜினை ஆஃப் செய்த உடனே பானெட்டுக்குள் சூடு குறையாது. காற்றோட்டம் நின்றுவிடுவதால், இன்ஜினில் தேங்கிய வெப்பம் சுற்றியுள்ள பாகங்களுக்குப் பரவி, கொஞ்ச நேரம் இன்னும் ஏறும். கடையில் பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

கோர்ட் வரை போன பழுது

இது பழைய வண்டிக்கு மட்டும் வரும் பிரச்சனை இல்லை. 1980-களிலும் 90-களிலும் வந்த பல ஃபோர்டு கார்களில், இக்னிஷன் மாட்யூலை இன்ஜினை ஒட்டியிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே பொருத்தியிருந்தார்கள். சூடேறினால் ஓடும்போதே இன்ஜின் நின்றுபோகும் என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கலிஃபோர்னியாவில் சுமார் 17 லட்சம் கார்களைத் திரும்பப் பெற 2000-ம் ஆண்டில் நீதிபதி உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. ஆறினதும் மாட்யூல் மறுபடி வேலை செய்யும் என்பதுதான் இந்தப் பழுதைப் பிடிப்பதில் இருந்த பெரிய சிக்கல்.

2022 மே மாதம் டெஸ்லா சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் கார்களுக்கு ரீகால் அறிவித்தது. ஃபாஸ்ட் சார்ஜிங் சமயத்தில் கணினி சிப் போதுமான அளவு குளிராமல், நடு ஸ்கிரீன் மந்தமாகலாம் அல்லது கறுப்பாகலாம் என்பது காரணம். சாஃப்ட்வேர் அப்டேட் மூலமே அதைச் சரிசெய்தார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பழுது இருக்கும் நேரத்திலேயே ஆதாரம் சேர்க்கணும். வண்டி ஆறின பிறகு சோதித்தால் எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

1. குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஓடின பிறகு, ஏசி ஓடிச்சா, சிக்னலில் நின்றபோதா ஓடும்போதா, எவ்வளவு நேரத்தில் சரியாச்சு? டேஷ்போர்டில் எரியும் விளக்குகளை மொபைலில் வீடியோ எடுங்கள்.

2. பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள்: "கழட்டி மாட்டினா சரியாயிடும்" என்பார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடு அதில் அழிந்துபோகலாம். பிஎஸ்-6 கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும். அதில் ஸ்கேனர் மாட்டினால் குறியீட்டோடு, பழுது வந்த நொடியில் இன்ஜின் வெப்பநிலை, ஆர்பிஎம் எவ்வளவு என்ற விவரமும் கிடைக்கும். உதாரணமாக, பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயரிங் பக்கம் பார்க்கணும்.

3. பேட்டரியை முதலில் சோதியுங்கள்: இன்ஜின் ஆஃபில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.7 வரை இருக்கணும். பேட்டரி முனைகளும் எர்த் வயரும் இறுக்கமா, சுத்தமா இருக்கா என்று பாருங்கள். பல எலக்ட்ரானிக் பழுதுகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

4. ஸ்டார்ட் ஆகாத நேரத்தில்: சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் கார்களில் பின் சீட் பக்கம் ஓரிரு விநாடி பம்ப் சத்தம் கேட்கும். கேட்கலைன்னா பம்ப், ரிலே, ஃபியூஸ் மீது சந்தேகம். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையலைன்னா கிராங்க் சென்சார் மீது சந்தேகம்.

5. ரிலே மாற்றிப் பார்ப்பது: ஃபியூஸ் பாக்ஸில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அந்த ரிலேதான். செலவே இல்லாத சோதனை இது.

6. சூடேற்றிப் பார்ப்பது: தெரிந்த எலக்ட்ரீஷியனிடம், சந்தேகப்படும் பாகத்தை மட்டும் ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பழுது திரும்ப வந்தால் விடை கிடைத்துவிட்டது. எரிபொருள் பாகங்கள், ஏர்பேக் பக்கம் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். சூடான இன்ஜினில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

இவை எதுவும் செய்யாமல் சென்சார், காயில், ஈசியூ என்று ஒவ்வொன்றாக மாற்றினால் காசு போகும், பழுது போகாது. முதலில் உங்கள் மாடலுக்கு ரீகால் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ரீகால் என்றால் பழுதுபார்ப்பு பொதுவாக இலவசம்.

ஓடும்போதே நின்றுவிட்டால்?

ஈசிஆரில் வேகமாகப் போகும்போது இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனமாகும், பிரேக் உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பதறாமல் ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். வெப்பநிலை முள் சிவப்பைத் தொட்டிருந்தால் இன்ஜினே கொதிக்கிறது என்று அர்த்தம். ஆஃப் செய்து ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

வராமல் தடுக்க

* நிழலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் முன் கண்ணாடிக்குத் தடுப்பு வையுங்கள்.
* மொபைலை டேஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள். ஐபோனை 45 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்க வேண்டாம் என்கிறது ஆப்பிள். டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடுகிறது.
* வயரை வெட்டி ஒட்டி ஸ்டீரியோ, எல்இடி மாட்டாதீர்கள். கப்ளர் வழியாக மாட்டச் சொல்லுங்கள்.
* கோடைக்கு முன் ஒருமுறை கனெக்டர்களைக் கழற்றி, களிம்பு நீக்கும் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நிற்கும் வண்டியைவிட, எப்போ நிற்கும் என்று தெரியாத வண்டி ஆபத்தானது. குடும்பத்தோடு நீண்ட தூரம் கிளம்பும் முன், "ஒரு தடவைதானே நின்னுச்சு" என்று விடாமல், எடுத்து வைத்த வீடியோவையும் குறிப்பையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.