விறகு தேடி வந்தவர்களா?

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு மக்கட் கூட்டம் எதை உண்டது, எதை எரித்தது, எதைக்கொண்டு வீடு கட்டியது என்பனவும் வரலாறே. வட அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், நியூ இங்கிலாந்து என்னும் பகுதியில், 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயரின் அன்றாட வாழ்வை அறிய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது அவர்களைச் சூழ்ந்திருந்த காட்டையே ஆகும்.

அக்குடியேறிகளுள் ஒருவர் ரோஜர் வில்லியம்ஸ். நராகன்செட் என்னும் பழங்குடி மக்களோடு பழகி, அவர்தம் மொழியைக் கற்றவர். 1643இல் இலண்டனில் அச்சேறிய தம் நூலில் அவர் சுவையான செய்தி ஒன்றைக் குறிக்கிறார். 'ஆங்கிலேயர் இங்கு ஏன் வந்தனர்?' என்று அம்மக்கள் அவரை அடிக்கடி வினவுவராம். விடையையும் அவர்களே கூறுவராம்: 'உங்கள் நாட்டில் விறகு தீர்ந்துவிட்டது, அதனால் வந்தீர்கள்!' ஓரிடத்தில் விறகு குறைந்தால் வேறிடம் பெயர்வது அவர்கள் வழக்கம். தம்மைக் கொண்டே பிறரையும் அளந்தனர்.

இதனைப் பேதைமை என்று தள்ளிவிட இயலுமா? அக்கால இங்கிலாந்தில் மரம் அருகியிருந்தது. இலண்டன் மக்கள் நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரியை எரித்துக் குளிர் காய்ந்தனர். மாசச்சூசெட்சில் குடியேறிய பாதிரியார் பிரான்சிஸ் ஹிக்கின்சன், இங்கே ஐம்பது ஏக்கர் பெறும் ஏழை ஊழியனுக்குங்கூட, இங்கிலாந்துப் பிரபுக்கள் பலருக்கும் கிட்டாத அளவு மரமும் விறகும் உண்டு என்று எழுதினார். அந்நூல் 1630இல் வெளிவந்தது. சமயமும் நிலமும் கருதி வந்தவர்களே அவர்கள். ஆயினும் எரியும் அடுப்பும் அவர்கள் கண்ட கனவில் ஒன்று.

காட்டால் அமைந்த இல்லம்

ஒரு குளிர்கால நாளை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் வீட்டுத்தலைவி எழுந்து, சாம்பலால் மூடிவைத்த நெருப்பைக் கிளறுகிறாள். உண்ணும் தட்டும் கிண்ணமும் மரம். இரவில் பிசின் நிறைந்த பைன் மரச் சிராயே விளக்கு. ஒளியைவிடப் புகை மிகுதி. அடுப்புச் சாம்பலில் நீர் ஊற்றி வடித்த காரநீரைக் கொழுப்புடன் காய்ச்சினால் சவர்க்காரம் கிடைக்கும். தோலைப் பதனிட ஓக் மரப்பட்டை உதவியது. நூலுக்குச் சாயமும் மரப்பட்டையே தந்தது. பன்றிகள் காட்டில் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுத்தன. குளிர் தளரும் வேளையில் மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் வழியைப் பழங்குடியினரிடம் கற்றனர்.

வீடும் மரந்தான். ஆனால், உருண்டைக் கட்டைகளை அடுக்கிய குடிசையே முதற் குடியேறிகளின் வீடு என்று எண்ணுவது பொருந்தாது. அம்முறை 1638 முதல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன், பின்லாந்து மக்கள் கொணர்ந்தது. நியூ இங்கிலாந்தின் ஆங்கிலேயரோ தம் ஊர் வழக்கப்படி சட்டம் கோத்துப் பலகை அடித்தே வீடு கட்டினர்.

மனிதர் கைபடாத காடு அது என்று அவர்கள் பலரும் கருதினர். உண்மை வேறு. பழங்குடியினர் ஆண்டுதோறும் அடர்ந்த புதர்களை எரித்து, நடக்கவும் வேட்டையாடவும் ஏற்றவாறு காட்டைப் பேணி வந்தனர். குடியேறிகள் கண்டு வியந்த சோலை போன்ற காடு அவர்தம் உழைப்பின் பயனே.

தீராச் செல்வம் தீர்ந்த கதை

திறந்த அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். ஆகவே, ஒரு குடும்பம் ஆண்டுக்கு முப்பது, நாற்பது 'கார்டு' விறகு எரித்திருக்கலாம் என்று வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். ஒரு கார்டு என்பது நான்கடி அகலமும் நான்கடி உயரமும் எட்டடி நீளமும் உள்ள அடுக்கு. அத்தனை விறகுக்கு ஆண்டுதோறும் ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட காடு அழிய வேண்டும்!

பிளிமத் குடியேற்றம் 1620இல் தோன்றியது. ஆறே ஆண்டுகளில், 1626இல், மரம் வெட்டி விற்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே பிறந்தது. 1638இல் பாஸ்டன் நகரம் விறகுப் பஞ்சத்தால் குலையும் நிலையில் இருந்ததாக ஆளுநர் ஜான் வின்திராப் எழுதினார். 1744இல் பெஞ்சமின் பிராங்கிளின், தாம் அமைத்த புதுவகை அடுப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நூறாண்டுக்குள் ஒவ்வொருவர் வாயிலிலும் கிடைத்த விறகைச் சில ஊர்களுக்கு ஏறத்தாழ நூறு மைல் தொலைவிலிருந்து கொணர வேண்டியுள்ளது என்று அதில் கூறினார். ஹிக்கின்சன் போற்றிய செல்வம் குடும்பச் செலவுக் கணக்கில் ஒரு சுமையாயிற்று.

காட்டுக்கு மன்னரும் பங்கு கேட்டார். 1691ஆம் ஆண்டின் மாசச்சூசெட்ஸ் சாசனப்படி, தனியார்க்கு வழங்கப்படாத நிலத்தில், அடியில் 24 அங்குலக் குறுக்களவும் அதற்கு மேலும் உள்ள மரங்கள் கப்பற்படைக்கு உரியவை. கப்பலின் பாய்மரத்துக்கு நெடிய வெள்ளைப் பைன் மரங்கள் வேண்டியிருந்தன. இத்தகைய சட்டங்களை வெறுத்த நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்து வேர் என்னும் ஊரினர், 1772இல் அரசு அலுவலரைக் கம்பால் அடித்து விரட்டினர். விடுதலைப் போர் மூண்ட 1775இல், கிளர்ச்சியாளரின் கொடியொன்றில் பைன் மரமே பொறிக்கப்பட்டிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் உழவர் பலர் நிலத்தைக் கைவிட்டு மேற்கே சென்றனர், நகரங்களுக்கும் சென்றனர். அவர்கள் விட்ட வயல்களில் காடு மீண்டும் தழைத்தது. இன்று அக்காட்டினுள் நடப்போர், பழைய வயல்களின் கல்வேலிகள் மரங்களுக்கிடையே ஓடுவதைக் காணலாம். காடு திரும்பிவிட்டது, ஆனால் அதைப் பேணிய மக்கள் போராலும் நோயாலும் குறைந்து, தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர்.

'விறகு தீர்ந்ததால் வந்தீர்கள்' என்று அவர்கள் சொன்னது முழு உண்மையன்று. ஆனால், தீராதென்று எண்ணும் பொருளும் தீரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வந்தவர்கள் அதனை அறிய ஒரு நூற்றாண்டு சென்றது.