வெட்டி ஒட்டியவர்களின் சரித்திரம்

ஜேர்மனியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு ‘போயசி அல்பம்’ தெரிந்திருக்கும். சின்னச் சதுரக் கொப்பி. சிநேகிதப் பிள்ளை வலது பக்கத்தில் ஒரு கவிதை எழுதிக் கையெழுத்து வைக்கும். இடது பக்கத்தில் ஒரு பூவோ, புறாவோ, சிறகு முளைத்த குழந்தையோ ஒட்டும். இப்போது அந்த இடத்தை, கேள்விகள் அச்சடித்த ‘பிறெண்டபூக்’ பிடித்துவிட்டது. பிடித்த நிறம் என்ன, பிடித்த சாப்பாடு என்ன என்று நிரப்பிக் கொடுக்கிற படிவம். அகதி விண்ணப்பம் நிரப்பிய எங்களுக்குப் படிவமென்றாலே ஒரு ஒவ்வாமை. நான் பழைய அல்பத்தின் கட்சி.

இது பெட்டைகளின் விளையாட்டு என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். தொடங்கியவர்களோ பல்கலைக்கழகப் பெடியள். 1540களில் விற்றன்பேர்க்கில் படித்த மாணவர்கள் லூதர், மெலாங்தொன் போன்ற ஆசிரியர்களிடமும் கூடப் படித்தவர்களிடமும் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதற்கு ‘ஸ்ராம்பூக்’ என்று பெயர். ஊர் ஊராகப் போய்ப் படிக்கிற காலம் அது. புது ஊரில் இறங்குகிறவனுக்கு அந்தப் புத்தகம்தான் அறிமுகக் கடிதம். ‘பார், இன்னார் என்னை அறிவார்’ என்று காட்டலாம். நாங்கள் ஓ.எல். சோதினை முடிய ஓட்டோகிராப் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைந்தோமே, அதன் முப்பாட்டன் இது.

அவுக்ஸ்பேர்க் வணிகர் பிலிப் ஹைன்ஹோபர் அரசர்களிடமும் இளவரசர்களிடமும் கையெழுத்து வாங்கி, ஓவியர்களைக் கொண்டு பக்கங்களை அலங்கரித்து ஒரு பெரிய ஸ்ராம்பூக் சேர்த்தார். 1647இல் அவர் செத்த பிறகு வொல்பன்பியுற்றல் கோமகன் அதை வாங்க முயன்றார். கிடைக்கவில்லை. அவர் பெயரில் இருக்கிற நூலகம் 2020இல்தான் அதை வாங்கியது, 28 இலட்சம் யூரோவுக்கு!

படம் ஒட்டுகிற பழக்கம் பரவியது 19ஆம் நூற்றாண்டில். அதற்குக் காரணம் ஒரு கல். 1790களின் கடைசியில் பவேரியாவில் அலோயிஸ் செனபெல்டர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து அச்சடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கல்லில் கொழுப்புப் பென்சிலால் கீறி, கல்லை ஈரமாக்கி, எண்ணெய் மை பூசினால், கீறிய இடத்தில் மட்டும் மை பிடிக்கும். தண்ணீரும் எண்ணெயும் சேராது. குசினியில் நின்று சட்டி கழுவுகிறவனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல் என்று வந்தது. ஒரு சின்னப் பூவுக்குப் பத்துக் கல்லுக்கு மேல் போகும். அச்சடித்த தாளுக்கு மினுக்கம் பூசி, அழுத்திப் புடைக்கவைத்து, அச்சுக் கத்தியால் வெட்டுவார்கள். படங்கள் உதிராமல் ஒன்றோடொன்று மெல்லிய கடதாசிப் பட்டியால் தொடுத்திருக்கும். பிள்ளை கத்தரிக்கோலால் நறுக்கி ஒட்டவேண்டியதுதான். ஜேர்மன்காரர் இவற்றைக் ‘கிளான்ஸ்பில்டர்’ என்றார்கள், ஆங்கிலேயர் ‘ஸ்கிராப்’ என்றார்கள். பேர்லின் அச்சகங்களிலிருந்து பெட்டி பெட்டியாக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது.

இந்த வியாபாரத்தில் எனக்குப் பிடித்த ஆள் லூயிஸ் பிராங். 1824இல் பிரெஸ்லோவில் பிறந்தவர் (இன்றைக்கு அது போலந்தின் விறொட்ஸ்லாவ்). 1848 புரட்சியில் இறங்கிவிட்டு, பிரஷ்ய அரசு தேடத் தொடங்க ஓடினார். பொஹீமியா, சுவிஸ், கடைசியில் 1850இல் அமெரிக்கா. சுருக்கமாகச் சொன்னால் எங்களைப் போல ஒரு கேஸ். பொஸ்ரனில் கல்லச்சகம் போட்டு, 1870களில் நத்தார் வாழ்த்துக் காட் அடித்தார். அமெரிக்காவில் நத்தார் காட்டின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1880இல் காட் வரைவதற்குப் போட்டி வைத்துக் காசுப் பரிசும் கொடுத்தார். பகிடி என்னவென்றால், 1890களில் ஜேர்மனியிலிருந்து வந்து குவிந்த மலிவுக் காட்டுகளோடு போட்டிபோட ஏலாமல் அவர் அந்தத் தொழிலையே விட்டார். விட்டு ஓடிய நாடு காட்டு உருவத்தில் பின்னால் வந்து துரத்தியது!

கையால் செய்த காட்டுக்கு எஸ்தர் ஹோலண்டைச் சொல்லவேண்டும். மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கடதாசிக் கடைக்காரரின் மகள், 1847இல் படிப்பை முடித்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின மடலைப் பார்த்து, பின்னல் போல் வெட்டிய கடதாசி, வண்ணத்தாள், அச்சுப் படம் எல்லாம் அடுக்கி அதைவிட நல்லதாகச் செய்து காட்டினார். பிறகு பெண்களை மேசையைச் சுற்றி இருத்தி, ஒருத்தி வெட்ட, ஒருத்தி அடுக்க, ஒருத்தி ஒட்ட என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஹென்றி போர்ட் கார்களை ஓடும் பட்டியில் பூட்டத் தொடங்க அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 1881 வரையில் நடந்த அந்தத் தொழிலை வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. காதல் மடல்தானே என்று நினைத்திருப்பார்கள்.

எழுத்தாளர் மார்க் ட்வெயினுக்கும் இதில் பங்கு உண்டு. பசைப் போத்தலோடு மாரடித்துக் களைத்து, பக்கத்திலேயே பசை பூசிய கொப்பி ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை எடுத்தார். நனைத்தால் ஒட்டும்.

பிலடெல்பியாவில் வில்லியம் டோர்சி என்ற கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட 400 ஒட்டுப் புத்தகங்கள் சேர்த்தார். பத்திரிகையில் தன் சனத்தைப் பற்றி வந்த ஒவ்வொரு துண்டையும் வெட்டி ஒட்டினார். அவர் சனத்தின் சரித்திரத்தை எழுத அப்போது பெரிய பேராசிரியர்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டு ஓடிவந்தவன் நான். அங்கே எனக்குக் கற்பித்த மூலாதாரங்களில் கல்வெட்டு இருந்தது, செப்பேடு இருந்தது, பசை போட்டு ஒட்டிய கொப்பி இருக்கவில்லை.

அன்ன பிராங்கின் நாட்குறிப்பும் உண்மையில் ஒரு ஓட்டோகிராப் அல்பம்தான். 1942 யூன் 12ஆம் திகதி பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த சிவப்புக் கட்டம் போட்ட கொப்பி. சிநேகிதிகள் எழுதவேண்டிய கொப்பியில் அந்தப் பிள்ளை தானே எழுதியது. அதே வருடம் மார்ச்சில் சிநேகிதியின் அக்காவின் அல்பத்தில் அன்ன எழுதிக்கொடுத்த எட்டு வரி 2016இல் 140,000 யூரோவுக்கு ஏலம் போனது.

ஒட்டுகிற எல்லாம் நிற்காது. அதற்கும் ஜேர்மன்காரர்தான் பொறுப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். கடதாசியில் மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்க்கும் முறையை 1807இல் வெளியிட்டவர் மொறிற்ஸ் இல்லிக். மரத்தை அரைத்துக் கடதாசி செய்ய 1840களில் வழி கண்டவர் பிறீட்றிக் கெல்லர். இரண்டும் சேர்ந்து கடதாசியை மலிவாக்கின. படிகாரம் அமிலத்தைக் கொண்டுவந்தது, அரைத்த மரம் பழுப்பைக் கொண்டுவந்தது. நூறு வருடத்தில் தொட்டால் நொறுங்கும். ‘அமிலமில்லாதது’ என்று அல்பக் கடைகளில் இன்று எழுதி விற்பது இதற்காகத்தான்.

எங்கள் வீடுகளில் நடந்தது இன்னும் மோசம். 70, 80களில் கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாப் படமும் போனது அந்த ஒட்டுப் பக்க அல்பங்களுக்குள். மேலே பிளாஸ்ரிக், கீழே கோடு கோடாகப் பசை. அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகி, இறுகி, படத்தைத் தின்னும். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடும்போது அல்பம் பாரமென்று அம்மா படங்களை மட்டும் உரித்து ஒரு துணிப்பைக்குள் போட்டா. உரிக்க வராதது கிழிந்தது. தென்மராட்சி, வன்னி எல்லாம் சுற்றி என் கைக்கு வந்தது 23 படம். சிலதுக்குப் பின்பக்கமே இல்லை.

இன்னும் அந்த மாதிரி அல்பம் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கோ. உரிக்க முதல் பக்கத்தோடேயே ஸ்கான் பண்ணுங்கோ. பிறகு பல்லுக்குள் விடுகிற நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, மெதுவாக அறுப்பதுபோல் இழுங்கோ. வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கோ, பலவந்தம் கூடாது. புது அல்பத்தில் படத்துக்குப் பசையே பூசாமல் நாலு மூலைக்கும் கடதாசி மூலை வையுங்கோ. ஊரில் பொங்கல் காட் ஒட்ட நாங்கள் காய்ச்சிய கோதுமை மாப் பசை காட்டுக்கு நல்லது, படத்துக்கு வேண்டாம். கரப்பானுக்கும் அது நல்ல சாப்பாடு.

எல்லாவற்றிலும் அவசரம் பெயர். என்னுடைய 23 படத்தில் 9 படத்தில் நிற்கிறவர்களை அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு 78 வயது. திங்கட்கிழமை எனக்கு ரெஸ்ரோரண்ட் லீவு. அன்றைக்கு வட்ஸ்அப்பில் ஒவ்வொரு படமாகக் காட்டுகிறேன், அவ சொல்லச் சொல்ல அல்பத்தில் படத்துக்குக் கீழே மென்பென்சிலால் எழுதுகிறேன். பேனை வேண்டாம், மை ஊறும். ஆறு படம் முடிந்தது. ஏழாவது ஏதோ ஒரு கோயில் வாசலில் எடுத்தது, ஐந்து பேர் நிற்கிறார்கள். நாலு பேரைச் சொல்லிவிட்டா. வெள்ளைச் சேட்டுப் போட்ட பெடியனை, ‘பொறு தம்பி, வாயிலை நிக்குது’ என்று வைத்திருக்கிறா.