செருப்புக்குள் ஒரு சிறு கல்



சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, தொழிற்பேட்டையில் வேலை முடித்து வந்த ஓர் அம்மா பங்கு இல்லத்துத் திண்ணையில் உட்கார்ந்தார். புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒன்பது வயது மகளைப் பற்றிப் பேச வந்திருந்தார்.

"ஃபாதர், இவ ராத்திரியில படுக்கவே மாட்டேங்குறா. செபம் சொல்றப்ப நடுவுல ஏதோ கெட்ட நெனப்பு வந்துடுச்சாம். அதனால மறுபடியும் மொதல்லேருந்து சொல்லணுமாம். பத்து தடவ, இருபது தடவ சொல்றா. அப்புறம் எழுந்து போய் கை கழுவுறா. 'நான் பாவம் செஞ்சிட்டேனாம்மா?'ன்னு கேக்குறா. இல்லடீன்னு சொன்னா அஞ்சு நிமிஷம் சும்மா இருப்பா, திரும்பவும் கேப்பா."

ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்லக்கூடாது. இது திண்ணையில் கேட்டது. அந்தத் தாயின் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி ஒன்றிரண்டை மாற்றிச் சொல்கிறேன்.

அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பக்தியான பிள்ளைம்மா. தூங்குறதுக்கு முன்னாடி கூடுதலா ஒரு பத்து மணி செபமாலை சொல்லச் சொல்லுங்க, மனசு அமைதியாகும்" என்றேன். இரண்டே வாரத்தில் அந்தப் பத்து மணி நூறு மணி ஆகிவிட்டது. ஒவ்வொரு மணியையும் சரியாகச் சொன்னோமா என்று பிள்ளைக்குச் சந்தேகம். பிறகு யாரோ சொல்லி ஜிப்மருக்குப் போனார்கள். மனநல மருத்துவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, இதற்கு ஓ.சி.டி. என்று பெயர் சொன்னார். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தும். அந்தப் பயத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும். செய்தால் கொஞ்சம் அடங்கும், அடங்கியது போலவே மீண்டும் எழும். அந்த அம்மா மறுபடி என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி: "இது ஏதாவது சாமி குத்தமா ஃபாதர்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இந்தத் துன்பம் திருச்சபைக்குப் புதிதல்ல. குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். எழுதியதோடு மறந்துவிட்டேன்.

மருத்துவர்கள் பெயர் வைப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு நம் முன்னோர் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'ஸ்குருபுலுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குக் கூர்மையான சிறு கல் என்று பொருள். செருப்புக்குள் புகுந்துகொண்ட கல்லை நினைத்துப் பாருங்கள். கடுகளவுதான் இருக்கும், ஆனால் ஒவ்வோர் அடியிலும் குத்தும். பாவமில்லாத இடத்தில் பாவத்தைக் கண்டு நடுங்கும் மனச்சான்றுக்கு இந்தச் சொல்லைத்தான் வைத்தார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலைத் துறவு மடத்தின் அதிபராக இருந்தவர் யோவான் கிளிமாக்குஸ். 'ஏணி' என்ற தம் நூலில் ஒரு துறவியின் கதையைச் சொல்கிறார். அந்தத் துறவிக்கு இறைவனைப் பழிக்கும் எண்ணங்கள் தாமாகவே வந்துகொண்டிருந்தன. இருபது ஆண்டுகள் நோன்பிருந்தார், கண்விழித்தார், பயனில்லை. வாயால் சொல்லவும் கூசி, ஒரு தாளில் எழுதி ஒரு முதிய துறவியிடம் கொடுத்துவிட்டுத் தரையில் முகங்குப்புற விழுந்தார். பெரியவர் படித்துவிட்டுப் புன்னகைத்தார். அவரைத் தூக்கி நிறுத்தி, கையைத் தம் கழுத்தின்மேல் வைக்கச் சொன்னார். இந்தப் பாவம் இனி என் கழுத்தின்மேல் இருக்கட்டும், நீ இதைப் பொருட்படுத்தாதே என்று சொல்லி அனுப்பினார். அந்த அறையை விட்டு வெளியே வருமுன்பே அவருடைய துன்பம் நீங்கியதாம். அந்தப் பெரியவர் கூடுதலாக ஒரு நோன்பு கூடக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் பத்து மணி கொடுத்தேன்.

புனித இஞ்ஞாசியாரை நமக்குப் போர்வீரராகத் தெரியும். 1521இல் பம்பலூனா கோட்டையில் குண்டடிபட்டதும், படுக்கையில் மனம் மாறியதும் தெரியும். அடுத்த ஆண்டு மன்ரேசா ஊரில் அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. அதற்கு முன்பே மொன்செராத் மடத்தில் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி, மூன்று நாளாகப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார். ஆனாலும் ஏதோ விட்டுப்போயிற்று என்ற உறுத்தல். மறுபடி சொன்னார், மறுபடி உறுத்தியது. எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார் ஒருவர், அதுவும் உதவவில்லை. மிகத் தெளிவானவை தவிரப் பழைய பாவம் எதையும் சொல்லாதே என்றார் இன்னொருவர். பாவம், அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தது! வாழ்வையே முடித்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரும் அளவுக்குப் போனார். ஒரு வாரம் உண்ணாமல் கிடந்தார், ஆன்ம குரு கட்டளையிட்ட பிறகே உண்டார். கடைசியில், பழையதை இனி ஒருபோதும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். கல் விழுந்தது அப்போதுதான். பின்னாளில் அவர் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இந்த உறுத்தல்களுக்கென்றே தனிக் குறிப்புகள் இருக்கின்றன.

இவர்கள் வளர்ந்தவர்கள். இனி ஒரு சிறுமியைப் பார்ப்போம்.

நம் வீடுகளில் ரோஜாப்பூக்களோடு படமாகத் தொங்கும் குழந்தை இயேசுவின் தெரேசா, 1873இல் பிரான்சில் அலான்சோன் ஊரில் பிறந்தவர். நான்கரை வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தாயாக ஏற்றுக்கொண்ட அக்கா பவுலின் 1882இல் கார்மேல் மடத்துக்குப் போய்விட்டார். பன்னிரண்டு வயதில், 1885 மே மாதம், பள்ளியில் ஒரு தியானம். தியானம் கொடுத்த குரு சாவான பாவத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் மிகவும் பயமாக இருந்தது என்று அந்தப் பிள்ளை தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். (குழந்தைகளுக்குத் தியானம் கொடுக்கப் போகும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த நோட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது.) அங்கே தொடங்கிய உறுத்தல் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நீடித்தது. மிகச் சாதாரண எண்ணமும் செயலும் கூட அவளுக்குக் கலக்கமாயின. மூத்த அக்கா மரியிடம் எல்லாவற்றையும் கொட்டுவாள். கொட்டியதும் ஒரு நொடி அமைதி, மின்னல் போல வந்து போகும், பிறகு பழையபடி. 'ஓர் ஆன்மாவின் வரலாறு' நூலில் தெரேசாவே இப்படித்தான் விவரிக்கிறார். இதை நோய் என்ற சொல்லாலேயே குறிப்பிடுகிறார்.

அந்த வீட்டார் என்ன செய்தார்கள்? தந்தை லூயி அதட்டவில்லை. 1886 தொடக்கத்தில் பள்ளியிலிருந்து நிறுத்தி, தனி ஆசிரியையிடம் படிக்க ஏற்பாடு செய்தார். மரி பொறுமையாகக் கேட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் எதைச் சொல்லலாம் என்று அவளே தீர்மானித்துக் கொடுப்பாள். அதற்கு மேல் ஒன்றுகூட தெரேசா சொன்னதில்லை, ஆகவே குருவுக்கே இந்த நோய் தெரியாமல் போயிற்று. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த அக்கா போட்ட வேலி அது. ஆனால் என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். தினமும் கேட்டுத் தினமும் ஆறுதல் சொன்னதில் தெரேசா மரியையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டாள். 1886 அக்டோபரில் மரியும் மடத்துக்குப் போனபோது கோல் இல்லாமல் போயிற்று. அப்போது அந்தச் சிறுமி, சிறு வயதிலேயே இறந்துபோன தன் உடன்பிறப்புகள் நால்வரை நோக்கிப் பேசினாள். வீட்டின் கடைக்குட்டியான எனக்கு உதவுங்கள் என்று கேட்டாள். விரைவில் அமைதி வந்தது என்று எழுதுகிறார். புனிதர்களுக்கெல்லாம் இன்றைய மருத்துவப் பெயரை ஒட்டத் தேவையில்லை. அவர்கள் எழுதிவைத்த வேதனை இன்றைய பிள்ளைகளின் வேதனையை ஒத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருத்துவ வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1838இல் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் ஒரு வணிகக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி எழுதினார். பிறர் பொருள் தன்னோடு வந்துவிட்டதோ என்று அஞ்சி ஓயாமல் கையை உதறுவாள். அந்த அச்சம் பொருளற்றது என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியாது. 1907இல் ஃபிராய்டு, இந்த நோயாளிகளின் செய்கைகளையும் பக்தர்களின் சடங்குகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். குருமடத்தில் அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்று அவ்வளவு வரவில்லை. செபம் 'ஆமென்' என்று முடிந்துவிடும், இந்த நோய் முடிக்கவே விடாது. வித்தியாசம் அங்கே இருக்கிறது. 1966இல் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், குணமாகாது என்று கைவிடப்பட்ட இரண்டு நோயாளிகளிடம் ஒன்றைச் செய்து பார்த்தார். அஞ்சுகிற பொருளை அவர்கள் எதிர்கொள்ளட்டும், ஆனால் கழுவுவதையும் திரும்பச் செய்வதையும் செய்யாமல் தாங்கட்டும், செவிலியர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார். இருவரும் பெரிதும் தேறினார்கள். இன்று உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் பேச்சுவழிச் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. சீனாயின் பெரியவரும் மன்ரேசாவில் இஞ்ஞாசியாரும் தட்டுத்தடுமாறிக் கண்ட வழியும் கிட்டத்தட்ட இதுவே.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் 1964இல் ஜிப்மர் என்ற பெயர் பெற்றது. தட்டாஞ்சாவடியிலிருந்து கோரிமேடு எவ்வளவு தூரம்? ஆனாலும் நம்மில் சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேயோட்டுகிறவரிடம் முதலில் போய்விட்டு, எல்லாம் முற்றிய பிறகு அங்கே போகிறோம். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. பலருக்குச் சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது. வளர்ப்புக் குறையால் வருவதல்ல, அடத்தால் வருவதும் அல்ல.

அந்த அம்மாவுக்கு மருத்துவர் சொல்லிக்கொடுத்ததை அவரே என்னிடம் சொன்னார். பிள்ளையைத் திட்டக்கூடாது. அதே சமயம், கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டும் இருக்கக்கூடாது. பிள்ளையோடு சேர்ந்து அந்த நோய்க்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், 'தொணதொணப்பு'. "இது நீ கேக்குறியா, தொணதொணப்பு கேக்குதா?" என்று அம்மா கேட்பார். பிள்ளை யோசித்துவிட்டு, "அதுதாம்மா" என்பாள். "அப்ப அதுக்குப் பதில் கெடையாது, நான் ஒன் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்துகொள்வார். கை கழுவத் தோன்றினால் முதலில் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது, பிறகு ஐந்து. எந்தப் படி முதலில், எது பிறகு என்பதை மருத்துவரும் பிள்ளையும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். பாட்டிக்குத்தான் மனம் கேட்கவில்லையாம். "ஒரு வார்த்த 'பாவம் இல்ல'ன்னு சொன்னா என்ன கொறஞ்சிடும்?" என்று சண்டை. பள்ளியில் வகுப்பாசிரியையிடமும் மறைக்கல்வி ஆசிரியையிடமும் சொல்லிவைத்தார்கள். என் பங்குக்கு, செபத்தை ஒரு முறைதான் சொல்ல வேண்டும், நடுவில் என்ன நினைப்பு வந்தாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அந்தத் திண்ணையிலேயே பிள்ளையிடம் சொன்னேன். பத்து மணி கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல ஃபாதர்" என்றாள்.

புதுநன்மைக்கு முந்திய ஒத்திகை முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "நான் சரியா செஞ்சேனா ஃபாதர்?" என்று கேட்டாள். சொல்லிவிடத்தான் வாய் துடித்தது. அம்மாவைப் பார்த்தேன், அவர் தலையை லேசாக அசைத்தார். "யாரு கேக்குறது?" என்றேன். முகம் சுருங்கியது, கண் கலங்கியது. நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கியை விட்டுவிட்டு வாசலில் இருந்த பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

இன்னும் வாரத்தில் இரண்டு இரவு கஷ்டமாகத்தான் போகிறது என்கிறார் அந்த அம்மா. புதுநன்மை நாளில் வெள்ளை உடுப்போடு வரிசையில் வந்தபோது அவள் கைகளைப் பார்த்தேன். கழுவிக் கழுவி வெடித்திருந்த விரல்களில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டிருந்தார்.